குண்டைத் தள்ளிய வாயுவுக்கு இன்னொரு வேலை

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போனால் வழியில் அருவங்காடு வரும். 1903-ல் அமைக்கப்பட்ட கார்டைட் பேக்டரி இங்கேதான் இருக்கிறது. தோட்டாவுக்குள் எரிந்து குண்டைத் தள்ளும் மருந்து இந்த ஊரின் தொழில். கூப்பிடு தூரத்தில் வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் தேய்ந்த பாகத்தை மாற்றுவது துப்பாக்கியை மட்டும் சேர்ந்த விஷயமில்லை, மருந்தையும் சேர்ந்தது என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

1962 போருக்குப் பிறகு நம் ராணுவத்துக்கு வந்த எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங்) ரைபிளையே எடுத்துக்கொள்வோம். 7.62 மி.மீ. தோட்டாவின் மருந்து எரியும்போது, தோட்டா இருக்கும் அறைக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேலே போகிறது. குண்டு விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகமெடுத்துக் குழலை விட்டு வெளியேற, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். குழலின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை. குண்டு அதைத் தாண்டியதும், பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக ஏறி ஒரு பிஸ்டனை அடிக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலைத் தள்ளிக்கொண்டு மலையேறும் நீராவி இன்ஜினிலும் பிஸ்டன்தான் வேலை செய்கிறது. ஆனால் அங்கே நீராவி நின்று நிதானமாகத் தள்ளும். இங்கே ஒரே ஒரு குத்து. பிஸ்டன் சற்றுத் தூரம் ஓடி, அறையின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைத் தாங்கும் பாகத்தைப் பின்னால் தட்டிவிட்டு, ஸ்பிரிங்கின் பலத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். தட்டு வாங்கிய பாகம் சில மில்லிமீட்டர் சும்மா நகர்ந்த பிறகே போல்ட்டைத் திறக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் குண்டு வெளியேறி, அழுத்தம் இறங்கிவிடுகிறது. அப்புறம் காலித் தோட்டா வெளியே, புதுத் தோட்டா உள்ளே.

எவ்வளவு வாயு பிஸ்டனுக்குப் போக வேண்டும் என்பதை ரெகுலேட்டர் தீர்மானிக்கும். எஸ்.எல்.ஆரில் இது மிச்ச வாயுவை வெளியே விடும் வாசல். வாசலை மூட மூட பிஸ்டனுக்கு அடி பலமாக விழும். வாயு குறைந்தால் தோட்டா பாதியில் சிக்கும். கூடினால் போல்ட் முரட்டுத்தனமாக அடித்துப் பாகங்கள் சீக்கிரம் தேயும்.

பிஸ்டனோ, ஸ்பிரிங்கோ, பிஸ்டன் ஓடும் வாயுக் குழாயோ மாற்றும்போது ஆர்மரர் (துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவர்) பார்ப்பது இந்தச் சமநிலையைத்தான். (நம் நாட்டில் இது பயிற்சி பெற்ற ஆர்மரரின் வேலை, வீட்டில் செய்து பார்க்கும் வேலை இல்லை.) ஸ்பிரிங் இல்லாமல் புது பிஸ்டனைக் குழாய்க்குள் விட்டு ரைபிளைச் சாய்த்தால், அது தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கேயாவது தயங்கினால் குழாய் வளைந்திருக்கிறது, இல்லையென்றால் நேராகப் பொருந்தவில்லை. ரொம்பத் தளர்வாக இருந்தாலும் சரிவராது, வாயு ஓரமாகக் கசிந்துவிடும். பொருத்திய பிறகு ரெகுலேட்டரின் பழைய அளவை நம்பக் கூடாது. சுட்டுப் பார்த்துப் புதிதாக வைக்க வேண்டும்.

மருந்து மாறினாலும் இதே கதைதான். அமெரிக்காவின் எம்-16 ரைபிளுக்கு 1964-ல் வேறு வகை மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். துப்பாக்கியின் வாயுத் துளையையும் வாயுக் குழாயையும் அப்படியே விட்டுவிட்டார்கள். புது மருந்தில் நிமிடத்துக்குச் சுடும் எண்ணிக்கை ஏறியது. அதிலிருந்த கால்சியம் கார்பனேட் படிந்து வாயுக் குழாயை அடைத்தது. வியட்நாமில் அந்தத் துப்பாக்கி சிக்கிக்கொண்டு சிப்பாய்கள் செத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இது முக்கியமானது. ஒரு பாகத்தைத் தனியாகப் பார்த்து முடிவெடுத்ததன் விலை அது.

மலையில் காற்றழுத்தம் குறைவாயிற்றே, அது பாதிக்காதா என்று கேட்கலாம். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். ஆயிரக்கணக்கான மடங்கு அழுத்தத்துக்கு முன்னால் அந்தக் கால் பங்கு ஒரு பொருட்டே இல்லை. குளிர்தான் கணக்கில் வரும்: உறைபனி விழும் ஜனவரிக் காலையில் மருந்து சற்று மெதுவாக எரியும், அழுத்தம் கொஞ்சம் குறையும். அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். பிஸ்டன் தலையில் எண்ணெய் இருந்தால் கருகிக் கரியாகப் படியும், அதனால் அதை உலர்வாகவே வைக்க வேண்டும். ஆனால் எண்ணெய் இல்லாத எஃகை மழைக்காலத்து மலைக்காற்று சும்மா விடுமா? அதனால்தான் பிஸ்டனுக்குக் குரோமியம் பூசுகிறார்கள். பூச்சு உரிந்த பிஸ்டனைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்பப் போடுவதில் பிரயோஜனம் இல்லை. அளவு குறைந்து வாயு கசியும். அதை மாற்றிவிடுவதே சரி.