பங்க் ராக் கிட்டாருக்கு ஆம்பும் பெடலும்: கெயினைக் குறையுங்கள், மிட்டை ஏற்றுங்கள்

மேடை ஒலியமைப்பும் ஒலிப்பதிவும் என் தொழில். பங்க் வாசிக்கும் குழுக்களோடு வேலை செய்யும்போது ஒரே முறையீடு திரும்பத் திரும்ப வருகிறது: "அண்ணா, என் கிட்டார் கேட்கவே இல்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்." போய்ப் பார்த்தால் ஆம்பின் கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும்) குமிழ் கடைசிவரை திருகப்பட்டிருக்கும். அதற்கு முன்னால் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று, அதற்கும் முன்னால் இன்னொன்று. பேஸும் (கீழ் அலைவரிசை) டிரெபிளும் (மேல் அலைவரிசை) உச்சத்தில் நிற்க, மிட் (நடு அலைவரிசை) மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். அந்தக் கிட்டாரை நான் எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் கூடுமே தவிர, வாசிப்பு காதில் விழாது.

அதற்காக அவர்கள் செலவழித்த பணத்தை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இரண்டாவது பெடலுக்குப் போன பணத்தில் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கியிருக்கலாம். பங்க் ஒலி என்றால் அதிகபட்ச டிஸ்டார்ஷன் என்று யாரோ சொல்லிவைத்ததை நம்பி வாங்கிவிடுகிறார்கள்.

அது உண்மையல்ல என்பதற்கு முதல் தலைமுறையே சாட்சி. ரமோன்ஸ் குழுவின் ஜானி ரமோன் மோஸ்ரைட் கிட்டாரை மார்ஷல் ஆம்பில் செருகி, ஏறக்குறைய எல்லாவற்றையும் கீழ்நோக்கிய அடியாகவே வாசித்தார். செக்ஸ் பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸ் பயன்படுத்தியது ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப்; சுத்தமான ஒலிக்குப் பேர்போன ஆம்ப் அது. இந்தக் குழுக்களின் 1976, 1977 காலத்துப் பதிவுகளை இன்று கவனமாகக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்திருந்ததைவிட டிஸ்டார்ஷன் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு அடியின் தொடக்கமும் தனித்துத் தெரியும். மூர்க்கம் வலது கையில் இருக்கிறது.

மிட் விஷயத்துக்கு வருகிறேன். தனியறையில் வாசிக்கும்போது மிட்டைக் குறைத்த ஒலி பெரிதாகத் தோன்றும். அடியில் அதிர்வு, மேலே பளபளப்பு. குழு சேர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. கீழே சுமார் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் பிடித்துக்கொள்கின்றன. மேலே 5,000 ஹெர்ட்ஸுக்கு அப்பால் சிம்பல்கள் நிரப்பிவிடுகின்றன. கிட்டாருக்கென்று மிஞ்சும் இடம் ஏறத்தாழ 300 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைதான். மிட் குமிழைக் குறைக்கும்போது உங்களுக்குச் சொந்தமான அந்த ஒரே இடத்தை நீங்களே காலிசெய்துவிட்டு, மற்றவர்களின் இடத்தில் போய் மோதுகிறீர்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துவிட்டால் ஒலி சமமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபெண்டர் வகை ஆம்புகளின் டோன் சுற்று, குமிழ்கள் நடுவில் இருக்கும்போதே மிட்டைக் கணிசமாகக் குழித்துவிடும். மார்ஷல் வகையில் அந்தக் குழி ஆழம் குறைவு. ஆகவே ட்வின் போன்ற ஆம்பில் மிட்டை 8, 9 வரை தூக்க வேண்டியிருந்தால் பதறாதீர்கள். எண்ணைப் பார்க்காமல் காதால் கேட்டு வையுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஒத்திகையில், "ஆம்பில் ஏதோ கோளாறு" என்று சொன்ன இளைஞனிடம் எதையும் விளக்காமல் கெயினை 9இலிருந்து 4க்கும், பேஸை 8இலிருந்து 4க்கும் இறக்கினேன். மிட்டை 2இலிருந்து 7க்கு ஏற்றினேன். தனியாக வாசித்தபோது அவன் முகம் சுருங்கியது. ஒலி மெலிந்துவிட்டதாகத் தோன்றியது. ட்ரம்ஸ் சேர்ந்ததும் பேஸ் வாசிப்பவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய ஸ்வரங்களும் அப்போதுதான் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டன. கிட்டார் ஆம்பின் மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமை யாரும் தொடவில்லை.

கெயினை ஏன் குறைக்க வேண்டும் என்பதற்குப் பவர் கார்டிலேயே விடை இருக்கிறது. பங்க் கிட்டாரின் முதுகெலும்பு அது. சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே, காந்தாரம் கிடையாது. டிஸ்டார்ஷன் சுற்றுக்குள் இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக நுழையும்போது, அவற்றின் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் புதிய ஸ்வரங்களாகப் பிறக்கின்றன. ஏ தந்தியின் 110 ஹெர்ட்ஸையும் அதன் பஞ்சமமான 165 ஹெர்ட்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 55 ஹெர்ட்ஸ். அதே சட்ஜத்தின் கீழ் ஸ்தாயி. அதனால்தான் இரண்டு விரல் கார்டு அவ்வளவு கனமாக ஒலிக்கிறது. கூட்டுத்தொகை 275 ஹெர்ட்ஸ். அது மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம். நீங்கள் வாசிக்காத காந்தாரத்தை ஆம்பே உண்டாக்கிக் கொடுக்கிறது!

இதற்கு மேல் நீங்களும் காந்தாரத்தைச் சேர்த்து முழு மேஜர் கார்டாக வாசித்தால் குழப்பம் தொடங்கும். கிட்டாரின் சம இடைவெளிச் சுருதியில் அந்தக் காந்தாரம் தூய காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு). பஞ்சமத்தில் விலகல் 2 சென்ட் மட்டுமே. கெயின் ஏற ஏற அந்த 14 சென்ட் விலகல் உறுமலாக மாறி எல்லாவற்றையும் சகதியாக்கும். முழு கார்டுகள் நிறைந்த பாட்டு என்றால் கெயினை இன்னும் இறக்குங்கள். அல்லது கிட்டாரின் வால்யூம் குமிழை 6, 7க்குக் கொண்டுவாருங்கள்; அதைத் திருகலாம் என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை. கெயினுக்கு என் அளவுகோல் எளியது: ஆறு தந்தியிலும் ஒரு கார்டை அடித்தால் ஒவ்வொரு தந்தியும் காதில் பிரிய வேண்டும், உள்ளங்கையால் அழுத்தினால் ஒலி உடனே நிற்க வேண்டும்.

இனி ஆம்ப். பங்க் என்றதும் மனதில் வரும் ஒலியின் பெரும்பகுதி மார்ஷல் குடும்பத்துடையது. 1962இல் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் சுற்றை அடிப்படையாகக் கொண்டு மார்ஷலின் ஜேடிஎம் 45 உருவானது. அதன் வழிவந்த பழைய ஆம்புகளில் மாஸ்டர் வால்யூம் கிடையாது. முறுக்கேறிய, அதாவது டிஸ்டார்ஷன் கலந்த ஒலி வேண்டுமென்றால் சுவர் அதிர வைத்தே ஆகவேண்டும். 1975இல் மாஸ்டர் வால்யூமோடு 2203 என்ற மாடல் வந்தது. 1981 முதல் ஜேசிஎம் 800 என்ற பெயரில் விற்றதும் அடிப்படையில் அதே சுற்றுதான். கிரீன் டே குழுவின் 1994ஆம் ஆண்டு ஆல்பத்தில் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் பயன்படுத்தியதும் மாற்றியமைக்கப்பட்ட மார்ஷல்தான். இந்தப் பெயரே உங்கள் ஆம்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. மிட் முன்னே நிற்கும், அடிக்கு உடனே பதில் சொல்லும் ஆம்ப் எதுவானாலும் போதும்.

வாட் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 100 வாட் ஆம்ப் 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் போடாது. வித்தியாசம் 3 டெசிபல், காதுக்குச் சிறியது. இரண்டு மடங்கு சத்தமாக உணர ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே சிறிய அரங்குகளில் வாசிக்கும் ஒருவருக்கு 15 முதல் 30 வாட் வரையிலான வால்வு (வெற்றிடக்குழாய்) ஆம்ப் தாராளம். மைக் வைத்துவிட்டால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அதே 3 டெசிபலை ஸ்பீக்கரிலிருந்தும் பெறலாம். ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் தருவதை மாட்டினால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். இதைவிட முக்கியம், 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே விழுந்துவிடுவதால் டிஸ்டார்ஷனின் கரகரப்பைச் சீவிவிடுகிறது. உங்கள் ஒலியின் குணத்தை எந்தப் பெடலைவிடவும் அதிகம் தீர்மானிப்பது ஸ்பீக்கர்தான். பட்ஜெட்டில் கடைசியாகக் கவனிக்கப்படுவதும் அதுதான். உங்கள் ஆம்பின் சிறிய ஸ்பீக்கர் ஒலியைக் கெடுக்கிறது என்றால், வெளி ஸ்பீக்கர் இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிரான்சிஸ்டர் ஆம்பை இழிவாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. எடை குறைவு, பராமரிப்பு குறைவு. சுத்தமான சேனலின் முன்னால் ஒரு நல்ல பெடலை வைத்தால் வேலை முடிந்தது. பல ஆம்புகளின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் மாடலிங் ஆம்பிலும் குறையில்லை. அதில் தயாராக வரும் அமைப்புகள் தனியாகக் கேட்டு மயங்குவதற்காகச் செய்யப்பட்டவை; கெயினையும் ரிவெர்பையும் பாதியாக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

பெடல்களில் முதலில் வாங்க வேண்டியது டியூனர். பவர் கார்டில் சுருதி விலகினால் எந்த ஆம்பாலும் காப்பாற்ற முடியாது. அடுத்து ஒரே ஒரு ஓவர்டிரைவ் (மென்மையான டிஸ்டார்ஷன்) அல்லது டிஸ்டார்ஷன். எது என்பது ஆம்பைப் பொறுத்தது. ஆம்பே முறுக்கேறும் வகை என்றால், இபானெஸ் டியூப் ஸ்க்ரீமர் அல்லது பாஸ் எஸ்டி-1 போன்றதை, டிரைவ் (பெடலின் டிஸ்டார்ஷன் அளவு) பூஜ்யத்தின் அருகிலும் லெவல் (பெடலிலிருந்து வெளிவரும் ஒலியளவு) உயரத்திலும் வைத்துப் பயன்படுத்துங்கள். டியூப் ஸ்க்ரீமரின் சுற்று சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாகப் பெருக்கும். கீழ்த் தந்திகளின் கனம் மட்டுப்பட்டு மிட் முன்னே வரும். இறுக்கமான ஒலியின் ரகசியம் அந்தக் கழித்தலில் இருக்கிறது. ஆம்ப் சுத்தமான வகை என்றால் ப்ரோகோ ராட் போன்றது பொருத்தம்; அதன் ஃபில்டர் குமிழை வலப்புறம் திருகினால் ஒலி மங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஹஸ்கர் டூ குழுவின் பாப் மோல்ட் எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் வைத்துக் கட்டிய ஒலி தனி ரகம். அந்தத் திசையில் போக விரும்புவோர் அதைத் தேடலாம். பிக் மஃப் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான வடிவங்களில் அது மிட்டைக் குழிக்கும். ஒரே கிட்டார் உள்ள மூவர் குழுவில் சமாளிக்கலாம், இரண்டு கிட்டார் இருக்கும் குழுவில் நீங்கள் காணாமல் போவீர்கள்.

வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட், தேவைப்பட்டால் மட்டும். கெயினைக் குறைத்தபின் பெரும்பாலும் தேவைப்படாது.

இப்போது வேறு தொனியில் சில விஷயங்கள், ஏனென்றால் இவை ஆளையே கொல்லக்கூடியவை. வால்வு ஆம்புக்குள் 400 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். காணொளி பார்த்து நீங்களே திறக்காதீர்கள். உறுமல் வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு ஏற்பட்டால், தந்தியில் கை வைத்தபடி உதடு மைக்கைத் தொடும் நொடியில் மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் போகும். பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் கேபிள்தான். கிட்டார் கேபிளின் செருகி ஒன்றுபோலவே இருந்தாலும் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்கானதல்ல. இரண்டு 8 ஓம் கேபினெட்டுகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். ஆம்பின் பின்புறத்தில் அதற்குரிய இடத்தில் செருகுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் குறிப்பிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது. பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். எல்லாமே அப்படியல்ல என்பதால் அடாப்டரைச் செருகுமுன் பெடலில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பணியிட இரைச்சலுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபல், 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சிறிய ஒத்திகை அறையில் ட்ரம்ஸ் ஒன்றே அந்த 100ஐத் தாண்டும். மறுநாள் காலையிலும் காதில் ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை. நுரை அடைப்பான் மேல் அலைவரிசைகளை அதிகமாக விழுங்குவதால் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லா அலைவரிசையையும் ஏறத்தாழ சமமாகக் குறைக்கும் அடைப்பான்கள் கிடைக்கின்றன. பெடல் பட்ஜெட்டில் அதற்கு முதலிடம் கொடுங்கள். ஆம்பைக் கணுக்காலைப் பார்த்து நிறுத்தாமல், நாற்காலி உயரத்தில் காதை நோக்கிச் சாய்த்து வைத்தாலே பாதி சத்தத்தில் வாசித்துவிடலாம்.

வாங்குமுன் சோதிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். கெயினை முழுவதும் இறக்கி, பங்க் வாசிக்கும் அதே வேகத்தில் கீழ்நோக்கி அடித்துக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். அடிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி பின்வாங்குங்கள். அந்த இடத்தில் ஒலி பிடிக்கவில்லை என்றால் அந்த ஆம்ப் உங்களுக்கானதல்ல. பெடல் அதைச் சரிசெய்யாது. முடிந்தால் இரவல் வாங்கி ஒரு ஒத்திகைக்குக் கொண்டுபோய், கைபேசியை அறையின் எதிர்மூலையில் வைத்து முழுக் குழுவோடும் பதிவு செய்யுங்கள். பதிவில் உங்கள் ரிதம் தெரிகிறதா, பாடகரின் சொற்கள் புரிகின்றனவா என்று மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் வாங்கிவிடலாம்.