எஃப்.ஜி.எம். தகடுகள்: ஷியர் கோட்பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்

எஃப்.ஜி.எம். (functionally graded material, தடிமன் நெடுகப் பண்பு படிப்படியாக மாறும் பொருள்) தகடுகள், பீம்கள் பற்றிய ஆய்வேடுகளையும் டிசைன் கணக்கீடுகளையும் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அவற்றில் பெரும்பாலும் மூன்று நான்கு ஷியர் கோட்பாடுகளை (தகடு வளையும்போது அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதைக் கணக்கில் கொள்ளும் முறைகளை) ஒப்பிட்டு நீண்ட அட்டவணை இருக்கும். நீளம் தடிமனைப்போல் பத்து மடங்கு இருக்கும் தகட்டில், முதல்படிக் கோட்பாட்டுக்கும் மூன்றாம்படிக் கோட்பாட்டுக்கும் தொய்வில் வரும் வேறுபாடு ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அதைவிடப் பல மடங்கு பெரிய பிழைகள் அதற்கு முந்தைய பக்கங்களிலேயே நுழைந்துவிடுகின்றன.

ஒரு முகம் செராமிக், மறுமுகம் உலோகம், இடையே கலவை படிப்படியாக மாறும் பொருள் இது. 1980களின் நடுவில் ஜப்பானில், விண்விமானத்துக்கான வெப்பத் தடுப்பாக இந்தக் கருத்து உருவெடுத்தது. 2000 கெல்வின் மேற்பரப்பு, 10 மி.மீ.க்கும் குறைந்த தடிமனுக்குள் 1000 கெல்வின் வெப்பநிலை வித்தியாசம் என்பது அன்றைய இலக்கு. இரண்டு பொருள்களை நேரடியாக ஒட்டினால் விரிவு வேறுபாட்டால் ஒட்டுமுகம் உரிந்துவிடும். அதனால்தான் இந்தப் படிமாற்றம்.

முதல் பிழை கலவை விதியில், அதாவது இரு பொருள்களின் பண்புகளிலிருந்து கலவையின் பண்பைக் கணிக்கும் சூத்திரத்தில் வருகிறது. அலுமினியத்தின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 70 கிகா பாஸ்கல், அலுமினா என்ற செராமிக்குக்கு 380. இரண்டும் பாதிக்குப் பாதி கலந்த இடத்தில் ஃபோக்ட் விதி 225 தரும். ராய்ஸ் விதி 118 தரும். உலோகத்தை அடித்தளமாகக் கொண்ட மோரி–தனாகா முறையில் சுமார் 144 வரும். எதைக் கொண்டீர்கள், ஏன் என்பதைச் சொல்லாமல் நான்கு தசம இடங்களுக்கு விடை தருவதில் பொருளில்லை. பிளாஸ்மா தெளிப்பில் உருவாக்கிய பூச்சாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதிலுள்ள நுண்துளைகளாலும் விரிசல்களாலும், செராமிக்கின் விறைப்பு கையேட்டு மதிப்பைவிட மிகவும் தாழ்ந்திருக்கும். வெப்பக் கணக்கில் அறை வெப்பநிலை மதிப்புகளையே கடைசிவரை வைத்திருப்பவர்களும் உண்டு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும்.

அடுத்தது நடுநிலைத் தளம், அதாவது வளையும்போது நீளவோ சுருங்கவோ செய்யாத தளம். ஃபோக்ட் விதிப்படி, அடுக்குக்குறி (தடிமனில் கலவை மாறும் விதத்தைத் தீர்மானிக்கும் எண்; 1 என்றால் சீராக மாறும்) 1 ஆக இருக்கும் அலுமினியம்–அலுமினா தகட்டில் அது வடிவியல் நடுத்தளத்திலிருந்து தடிமனில் 0.115 பங்கு செராமிக் பக்கமாக நகர்ந்திருக்கும். 10 மி.மீ. தகட்டில் 1.15 மி.மீ. இந்த நகர்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வளைவு விறைப்பு சுமார் 19 விழுக்காடு கூடிவிடும், தொய்வு குறைவாகத் தெரியும். பாதுகாப்புக்கு எதிரான பக்கம் சாய்கிற பிழை இது.

இதன் தொடர்ச்சிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. விளிம்புகள் சுழலக்கூடிய எளிய தாங்கலில் உள்ள எஃப்.ஜி.எம். தகட்டை நடுத்தளத்தின் வழியே அழுத்தினால், முதல் நியூட்டனிலிருந்தே அது வளையத் தொடங்கும். விளிம்புகளை நகராமல் பிடித்துக்கொண்டு சூடேற்றினாலும் பொதுவாக அப்படியே. தட்டையாக இருந்து திடீரென்று நெளியும் கணம் ஒன்று அங்கே இல்லை. இருந்தும் மென்பொருளில் நெளியும் சுமையைத் தேடும் ஐகன்மதிப்புக் கட்டளையைக் கொடுத்தால் ஓர் எண் வரும். அது ‘நெளிவுச் சுமை’ என்று அறிக்கையில் ஏறிவிடும். விளிம்புகள் இறுகப் பொருத்தப்பட்டிருந்தால், தேவையான திருப்புமையைத் தாங்கலே தந்து தகட்டைத் தட்டையாக வைத்திருக்கும். அப்போது அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. எளிய தாங்கலுக்கு நேர்கோட்டில் அடங்காத வளைவுப் பகுப்பாய்வுதான் வழி.

இந்தப் பிழைகள் சரிபார்ப்பில் சிக்காமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. அடுக்குக்குறியைச் சுழியாக்கி முழுச் செராமிக் விடையோடும், மிகப் பெரிதாக்கி முழு உலோக விடையோடும் ஒப்பிடுவது வழக்கம். அந்த இரு எல்லைகளிலும் நடுநிலைத் தளம் நகராததால், நீட்சிக்கும் வளைவுக்கும் உள்ள பிணைப்பு மறைந்துவிடும். பிணைப்பைத் தவறாக எழுதிய நிரலும் இரண்டு சோதனைகளிலும் தேறிவிடும். அடுக்குக்குறியை 1 என்று வைத்து நடுநிலைத் தளம் 0.115இல் வருகிறதா என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு தொகையீடுகள் போதும், அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.