தலை நரைத்தால் நரைக்கட்டும், நெற்றி கறுக்க வேண்டாம்

காரைக்குடியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் கிளினிக்குக்கு ஒரே மாதிரி முகங்களாக வரும். இமை இரண்டும் வீங்கிக் கண் திறக்க முடியாமல், காது மடலில் நீர் கசிந்து, பின்கழுத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளத்தோடு வந்து உட்காருவார்கள். "முந்தாநாள் விசேஷ வீட்ல நண்டு சாப்பிட்டேன் டாக்டர், அது ஒத்துக்கல போல" என்பார்கள். தலைக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் தயங்கி, "டைதான். அது இருபது வருஷமாப் போடுறதாச்சே, அதனால இருக்காது" என்று பதில் வரும்.

அதனால்தான் இருக்கும். இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டது இனிமேலும் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் ஆபத்து. அழியாத கறுப்பு டை பெரும்பாலானவற்றில் பாரா-ஃபினைலின்டயமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, சுருக்கமாக பிபிடி. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. முடிக்குள் சுலபமாக நுழைந்து, கூடக் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடால் வினைபுரிந்து, பெரிய கறுப்பு மூலக்கூறாக மாறி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்; எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் சாயம் போகாததற்குக் காரணம் அதுதான். ஆனால் முடிக்குள் நுழைகிற அந்தச் சின்ன மூலக்கூறு தோலுக்குள்ளும் நுழையும். நம் எதிர்ப்பு அணுக்கள் என்றைக்காவது ஒருநாள் அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்ளும். அந்த நாள் இரண்டாவது தடவையிலும் வரலாம், இருபதாவது வருஷத்திலும் வரலாம். ஒருமுறை குறித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2006-இல் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக பிபிடியைத்தான் அறிவித்தது.

நண்டின் மேல் பழி விழுவதற்கும் காரணம் இருக்கிறது. டை ஒவ்வாமை பெரும்பாலும் பூசிய உடனே வராது, ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் வரும். தலைத்தோல் தடிமனானது என்பதால் அங்கே லேசான அரிப்போடு நின்றுவிட்டு, அலசும்போது தண்ணீர் வழிகிற இடங்களில், அதாவது இமை, காது, கழுத்து, நெற்றியில்தான் ஆட்டம் காட்டும். மீசைக்கு டை அடிப்பவர்களுக்கு மேலுதடு புண்ணாகிவிடும்.

"நான் அம்மோனியா இல்லாததுதான் போடுறேன்", "இது ஹெர்பல்", "வெறும் ஹென்னா பவுடர்தான்" என்பதெல்லாம் தினமும் கேட்பது. அம்மோனியா வேறு, பிபிடி வேறு; ஒன்று இல்லை என்றால் மற்றது இல்லை என்று அர்த்தம் கிடையாது. மருதாணி இலையை மட்டும் அரைத்துப் பூசினால் நரைமுடி செம்மஞ்சளாகத்தான் வரும், கறுக்கவே கறுக்காது. மருதாணிக்கு மேல் அவுரி இலைப் பொடியைப் போட்டு மணிக்கணக்கில் ஊறவைத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வரும். அரைமணி நேரத்தில் கரேல் என்று ஆக்குகிற பொடி எதுவாக இருந்தாலும், பாக்கெட்டில் எந்த இலையின் படம் போட்டிருந்தாலும், பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கொப்புளமும் வீக்கமுமாவது ஆளைப் பயமுறுத்தி மருத்துவரிடம் கூட்டி வந்துவிடும். எனக்கு அதைவிடக் கவலை சத்தமில்லாமல் வருகிற கறுப்பு. தேவகோட்டைப் பக்கமிருந்து ஓர் ஆச்சி "மங்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மங்கு என்றால் கன்னத்தில்தான் அதிகம் தெரியும். இவருக்கோ முடி தொடங்கும் இடத்திலிருந்து நெற்றி பாதிவரை சாம்பல் கலந்த பழுப்பு, அது நெற்றியோரப் பொட்டு இரண்டு பக்கமும் இறங்கிக் காதுக்கு முன்னால் வந்து, கழுத்தில் போய் முடிந்தது. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிவப்பழகு கிரீமை ஒரு வருஷமாகப் போட்டிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததால் முகத்தோல் மெலிந்து சின்னச் சின்னச் சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பித்திருந்தன. தலைக்கு மாதம் இருமுறை டை. ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வைத்துப் பார்த்ததில் பிபிடி வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"ஆச்சி, டையை நிறுத்தணும். நிறுத்தாம எந்தக் களிம்பு போட்டாலும் இது போகாது."

"சித்திரையில சாந்தி வச்சிருக்கோமே டாக்டர். மாலை போட்டு உக்காரயில வெள்ளைத் தலையோடயா உக்காருறது? சிங்கப்பூர்லேருந்து எல்லாரும் வர்றாக."

சாந்தி என்றால் அறுபதாம் கல்யாணம். அறுபது வயது நிறைந்ததைத்தானே கொண்டாடப் போகிறோம், அந்த மேடையில் நரை இருப்பதில் என்ன குறை என்று கேட்டேன். அவரால் உடனே ஒப்புக்கொள்ள முடியவில்லை, அதை நான் குறையாகவும் நினைக்கவில்லை. எத்தனையோ வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய தலையை ஒரு மருத்துவர் பத்து நிமிஷத்தில் மாற்றச் சொன்னால் யாருக்கும் கஷ்டம்தான். அப்புறம் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாகக் கொண்டை போட்டு, பூ வைத்து அந்தச் சாந்தியில் உட்கார்ந்தார். அவர் கணவர் செட்டியார் இன்றைக்கும் டை அடிக்கிறார்; அவருக்கு ஒத்துக்கொள்கிறது, அது அவர் விருப்பம். ஆச்சியின் நெற்றி ஓரளவு தெளியவே ஒன்றரை வருஷம் ஆனது, இன்னும் முழுக்கத் தெளியவில்லை. இந்தக் கறுப்பு தோலின் அடி அடுக்கில் போய் உட்காருவதால் இவ்வளவு நாள் பிடிக்கும். சிலருக்கு இதற்கு நேர்மாறாக, டை படுகிற இடத்தில் வெண்புள்ளி வருவதும் உண்டு.

நரை ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடி ஒவ்வொன்றும் சில வருஷம் வளர்ந்து உதிர்ந்து, அதே வேரிலிருந்து புதிதாக முளைக்கிறது. முளைக்கும் ஒவ்வொரு தடவையும் நிறம் தரும் செல்கள் வேரில் இருக்கும் இருப்பிலிருந்து வர வேண்டும். இருப்பு தீர்ந்தால் அடுத்து வருவது வெள்ளையாக வரும். வெள்ளைமுடி ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது பொய், ஆனால் பிடுங்கப் பிடுங்க அந்த வேர் கெட்டு அங்கே முடியே வராமல் போகலாம். நம் நாட்டினருக்கு 25 வயதுக்கு முன்னால் வந்தால்தான் இளநரை. அதற்கு பரம்பரை ஒரு பெரிய காரணம். பி12, தைராய்டு, இரும்புச்சத்து மூன்றையும் இரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது, புகைப்பழக்கம் இருந்தால் விட வேண்டும். ஐம்பதில் வருகிற நரைக்குப் பரிசோதனையும் வேண்டாம், அதைக் கறுப்பாக்குவதாகச் சொல்லி விற்கிற எண்ணெய்க்குப் பணமும் வேண்டாம்.

நிறுத்துவது என்று முடிவெடுத்தவர்கள் மலைத்துப் போவது நடுவில் வரும் அந்த இரண்டு நிறக் கோலத்துக்குத்தான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். கிராப் வெட்டும் ஆண்களுக்கு நாலைந்து மாதத்தில் காரியம் முடிந்துவிடும்; தோளுக்குக் கீழே முடி வைத்திருக்கும் பெண்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், முடியைக் குட்டையாக்கிக்கொண்டால் அந்த அளவுக்கு நாள் குறையும். வகிட்டை நேர்கோடாக எடுக்காமல் கொஞ்சம் கலைத்து எடுத்தால் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரியாது. கறுப்பாக இருக்கும் முடியை வெளுக்க ப்ளீச் போடலாமா என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே புண்பட்ட தோலுக்கு அது இன்னொரு தண்டனை, வேண்டாம்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு தானாகவே அமைகிறது. குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போய் மொட்டை போட்டுவிட்டு வருபவர்கள் எத்தனை பேர்! சாயம் ஏறிய முடி மொத்தமும் அங்கேயே போய்விட்டது, இனி வருவது உங்கள் சொந்த நிறம், அப்படியே விட்டுவிடலாம். ஆனால் நடப்பது வேறு. மூன்று வாரத்தில் அரும்பும் வெள்ளையைப் பார்த்ததும் பதறிப்போய், சவரக்கத்தி பட்ட கீறல் ஆறியும் ஆறாமலும் இருக்கும் மண்டையில் டையைப் பூசிக்கொள்கிறார்கள். முடியே இல்லாத இடத்தில் பூசினால் மருந்து முழுக்கத் தோலில்தான் இறங்கும். தைப்பூசம் முடிந்த மாசியில் இப்படி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

வயதாக ஆக எண்ணெய்ப்பசை குறைவதால் வெள்ளைமுடி கொஞ்சம் முரடாகவும் வறண்டும் இருக்கும். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய், மென்மையான ஷாம்பு, பிறகு கண்டிஷனர் போதும். வெயிலும் இரும்புச்சத்து மிகுந்த போர்த் தண்ணீரும் அதை மஞ்சளாக்கும். நிறமி இல்லாத முடி வெயிலைத் தடுப்பதும் குறைவு, அதனால் இந்த ஊர் வெயிலில் குடையோ தொப்பியோ முந்தானையோ தலைமேல் இருக்கட்டும்.

டை போடவே கூடாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒத்துக்கொள்கிறவர்கள் விரும்பினால் போடட்டும், ஆனால் ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள். விசேஷத்துக்கு முதல் நாள் புது பிராண்டை முயன்று பார்க்காதீர்கள். ஒருமுறை வீங்கியவர்கள் இந்தச் சோதனையைக்கூட வீட்டில் செய்ய வேண்டாம், உங்கள் தோல் பதில் சொல்லியாகிவிட்டது.

பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீடியோ காலில் பார்த்ததும் "என்னம்மா இப்படிக் கிழவி மாதிரி ஆயிட்டே" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். அடுத்த வாரம் அந்த அம்மா வீங்கிய கண்ணோடு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். டை ஆகாது என்று தெரிந்த பிறகும் அவரைத் திரும்பப் போட வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தைதான்.

டை போட்ட பிறகு முகம் வீங்கி மூச்சு விடச் சிரமமாக இருந்தால் என்னைத் தேட வேண்டாம், பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். மற்றபடி அரிப்பு, கொப்புளம், நெற்றிக் கறுப்பு என்று எந்தத் தோல் மருத்துவரிடம் போனாலும் டை பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். முகத்துக்குப் போட்ட கிரீம் ட்யூபையும் கொண்டுபோங்கள். அப்புறம் பல் பிடுங்கவோ சின்ன ஆபரேஷனுக்கோ போகும்போது டை ஒவ்வாமை இருப்பதை அங்கேயும் சொல்லிவிடுங்கள். பென்சோகெய்ன் போன்ற மரத்துப்போக வைக்கும் மருந்தும் சில சல்ஃபா மருந்துகளும் பிபிடி ஆகாத சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.