கேட்டமரானுக்குள் இருக்கும் கட்டு

முட்டம் கடற்கரையில் ஒரு பெரியவர் மரத்தடிகளைச் சேர்த்து வைத்துக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தடியில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கயிற்றில் கொடுத்து இழுத்தார். அப்படி இறுக்கியும் தடிகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தது. "இது வழியா தண்ணி ஏறாதா?" என்று கேட்டேன். "ஏறும். ஏறுன வழியாவே எறங்கியும் போவும் மக்களே" என்றார்.

கட்டுமரம் மிதக்கும் சூட்சுமம் அந்தப் பதிலில் இருக்கிறது. வள்ளம் என்கிற குடைவான படகு மிதப்பது அதன் உள்ளே இருக்கும் காலி இடத்தால். ஒரு பெரிய அலை உள்ளே புகுந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டால் ஆபத்துதான். கட்டுமரத்தில் நிரம்புவதற்கு இடமே கிடையாது. தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த இலேசான மரம் என்பதால் தடியே தன்னளவில் மிதக்கும். மேலே விழுந்த அலை சந்துகள் வழியே வடிந்துவிடும். கரையை ஒட்டி அலை உயர்ந்து உடைகிற நம் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் கிடைப்பது கடினம். ஒரு குறை உண்டு. மரம் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போகும். அதனால் கரையேறியதும் கட்டை அவிழ்த்துத் தடிகளை வெயிலில் காயப் போடுவார்கள். அப்புறம் மறுபடியும் கட்டுவார்கள்.

பள்ளியில் படித்த வினைத்தொகை நினைவிருக்கிறதா? 'கட்டுமரம்' அப்படி ஒரு சொல். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலமும் ஒரே சொல்லில் அடங்கி நிற்பது. அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே வாழ்கிற ஒரு கலத்துக்கு இவ்வளவு பொருந்தும் பெயர் வைத்த நம் முன்னோரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கட்டுமரம் என்ற இந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஒருவர் மட்டுமே உட்காரும் சிறிய மரம், உட்கார்ந்திருப்பவரின் காலும் இடுப்பும் எப்போதும் தண்ணீரில்தான் இருக்கும் என்கிறார். பார்த்தவர் எழுதிய வரி என்பது படித்ததுமே தெரிகிறது.

சரி, 'மரம்' எப்படி 'மரான்' ஆனது? பேசும்போது நாம் கடைசி 'ம்'மை உதடு மூடிச் சொல்வதில்லை. 'மரம்', 'பணம்' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி ஒலி மூக்கு வழியே கரைந்துவிடும். அந்த மூக்கொலியைக் கேட்ட வெளிநாட்டுக்காரர் அதை 'ன்' என்று எழுதிக்கொண்டிருப்பார் என்பது என் எண்ணம். நடுவில் இருந்த குற்றியலுகரமும், அதாவது 'கட்டு'வின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரமும், ஆங்கில நாக்கில் நிற்காமல் மங்கிவிட்டது.

போன இடத்தில் அந்தச் சொல் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1804-ல் பிரான்ஸின் பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த மிதவை வெடிகளைப் பிரிட்டிஷ் கடற்படை அனுப்பியது. வெடிமருந்து நிரப்பி, கடிகார விசை பொருத்திய அந்த நீளப் பெட்டிகளுக்கும் கேட்டமரான் என்றுதான் பெயர். பெரிய சேதம் ஒன்றும் விளையவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணையும் இந்தச் சொல்லால் திட்டினார்கள். முதல் அசையான 'கேட்' ஆங்கிலத்தில் பூனையை நினைவூட்டியதுதான் காரணமாக இருக்கும் என்பார்கள். மீன்பிடிக்கப் போன ஒரு நல்ல சொல்லை வசவாக்கியதில் எனக்கு வருத்தம்தான்.

இன்றைக்கு உலகம் கேட்டமரான் என்று சொல்வது இரட்டை உடல் கொண்ட கலத்தை. 1876-ல் அமெரிக்கப் படகுச் சிற்பி நத்தானியல் ஹெரஷாஃப், இரண்டு ஒல்லி உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து 'அமரில்லிஸ்' என்ற பாய்மரப் படகைச் செய்தார். நியூயார்க் போட்டியில் மற்ற படகுகளையெல்லாம் அது பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் ஆட்சேபிக்க, அதைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அதன் வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒல்லியான உடல் தண்ணீரை அதிகம் ஒதுக்காமல் கிழித்துப் போவதால், அலை எழுப்புவதில் வீணாகும் சக்தி குறைவு. ஒற்றை ஒல்லிப் படகு என்றால் எளிதில் கவிழும். இரண்டைத் தள்ளித் தள்ளி வைத்துப் பிணைத்தால், ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து உடல் ஆழமாக அமிழ்ந்து அதிக விசையோடு மேலே உந்தும். உந்துகிற இடம் நடுவிலிருந்து தூரத்தில் இருப்பதால் சாய்வை நிமிர்த்தும் திறன் கூடுகிறது. கவிழாமல் இருக்க அடியில் கனமான ஈயம் கட்டித் தொங்கவிட வேண்டியதில்லை.

அலுமினியத்திலும் ஃபைபரிலும் செய்யும் இன்றைய கேட்டமரானில் மரம் இல்லை. கட்டு மட்டும் போகவில்லை. இரண்டு உடலும் வெவ்வேறு அலைமேல் ஏறும்போது கலத்தை முறுக்கிப் பிரிக்கப் பார்க்கும் விசை முழுவதும் நடுவில் இருக்கும் இணைப்பின்மேல்தான் வந்து விழுகிறது. வடிவமைப்பவர்கள் அதிகம் கவலைப்படும் இடமும் அதுதான். முட்டத்துப் பெரியவரும் மரத்தைக் கடலில் தள்ளும் முன் தடிகளைத் தொடவில்லை. முடிச்சுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.