ஸ்க்ரோல் திக்குகிறதா? ஸ்டைல்ஷீட்டையும் திறந்து பாருங்கள்

பக்கம் திக்கித் திக்கி நகர்ந்தால் எல்லோரும் முதலில் கைவைப்பது ஜாவாஸ்கிரிப்டில்தான். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு வரி ஸ்கிரிப்ட்கூட இல்லாத பக்கமும் திக்கும். அப்படித் திக்கவைக்க, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஸ்டைல்ஷீட்டில் இரண்டு வரி போதும்.

ஸ்க்ரோல் இயல்பில் மலிவான வேலை. பிரவுசர் பக்கத்தைச் சிறு கட்டங்களாக, அதாவது டைல்களாக, முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்கிறது. விரல் நகரும்போது வரைந்ததை இடம் மாற்றினால் போதும். அதைக் கம்பாசிட்டர் என்ற தனி த்ரெட் (பிரவுசருக்குள் தனியாக ஓடும் வேலை வரிசை) பார்த்துக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், ஒரு ஃபிரேமுக்கு (ஒரு காட்சிக்கு) கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட், 120 ஹெர்ட்ஸில் 8.3. நகர்த்த மட்டும் என்றால் இது தாராளம். நகர நகர மறுபடி வரையவைக்கும் ஸ்டைல் உள்ளே வந்தால்தான் நேரம் பற்றாமல் போகிறது.

இதில் பழைய குற்றவாளி பேக்கிரவுண்ட்-அட்டாச்மென்ட்: ஃபிக்ஸ்ட். பெட்டி மேலே போகிறது, அதற்குள் இருக்கும் படம் மட்டும் அசையக் கூடாது. அப்படியானால் போன ஃபிரேமில் வரைந்த டைல் இந்த ஃபிரேமுக்கு உதவாது. கூடவே பேக்கிரவுண்ட்-சைஸ்: கவர் இருந்தால் பெரிய படத்தைச் சுருக்கிப் பொருத்தும் வேலையும் சேரும். பக்கம் முழுவதற்குமான பின்னணி என்றால் மாற்று எளிது: பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சுமக்கும் பாடியின் பிஃபோர் சூடோ எலிமென்ட்டில் (சிஎஸ்எஸ்ஸே உருவாக்கும் கூடுதல் பெட்டி) படத்தைப் போட்டு, பொசிஷன் ஃபிக்ஸ்ட், இன்செட் 0, இசட்-இண்டெக்ஸ் -1 கொடுங்கள். படம் தனி லேயராக (அடுக்காக) நின்றுவிடும், மேலே உள்ளது மட்டும் நகரும். ஹெச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் பின்னணி நிறம் கொடுத்திருந்தால் பாடியின் நிறம் படத்தை மூடிவிடும். பலர் இங்கேதான் ‘வேலை செய்யவில்லை’ என்று பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

பாக்ஸ்-ஷேடோவைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. சும்மா நிற்கும் நிழல் ஒருமுறை வரையப்பட்டு டைலோடு நகர்ந்துவிடும். அதை ஹோவரில், அதாவது கர்சர் மேலே வரும்போது, மாற்றினால்தான் சிக்கல். மவுஸ் சக்கரத்தை உருட்டும்போது கர்சருக்கு அடியில் கார்டுகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும், ஒவ்வொன்றிலும் 0.3 செகண்ட் டிரான்சிஷன் (படிப்படியான மாற்றம்) தொடங்கி, அந்த நேரம் முழுக்க நிழல் திரும்பத் திரும்ப வரையப்படும். பெரிய நிழலை ஆஃப்டர் சூடோ எலிமென்ட்டில் ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) 0-வாக வைத்து, ஹோவரில் ஒபாசிட்டியை மட்டும் 1 ஆக்குங்கள். நிழல் மறுபடி வரையப்படாது, பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது.

கண்ணாடி மாதிரி மங்கும் ஹெடருக்கான (பக்கத்தின் மேல்பட்டைக்கான) பேக்டிராப்-ஃபில்டரின் கதை வேறு. அடியில் இருப்பது நகரும்வரை ஃபிரேமுக்கு ஒருமுறை மங்கலைப் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும். 56 பிக்சல் உயரப் பட்டைக்கு இது பெரும்பாலும் தாங்கும். திரை அளவுக்கு விரித்தால் சாதாரண போனின் ஜிபியு (திரைக்கான படத்தைக் கணக்கிடும் சிப்) மூச்சுத் திணறும். அதற்குப் பதில் 95 சதவீதம் அடர்த்தியான நிறம் கொடுத்தால் பலருக்கு மங்கல் இல்லாததே தெரியாது.

உருட்டினாலும் மேலேயே ஒட்டிநிற்கும் ஸ்டிக்கி ஹெடரை ஸ்க்ரோலில் 80-லிருந்து 56 பிக்சலுக்குச் சுருக்குவது இன்னொரு வம்பு. ஹைட்டை அனிமேட் செய்தால் ஃபிரேமுக்கு ஒரு லேஅவுட், அதாவது உறுப்புகளின் இடத்தையும் அளவையும் புதிதாகக் கணக்கிடுவது. அதைவிட மோசம்: ஹெடர் சுருங்கியதும் பக்கத்தின் மொத்த உயரம் 24 பிக்சல் குறையும், ஸ்க்ரோல் நிலை சுருங்கத் தொடங்கும் எல்லைக்குக் கீழே விழும், ஹெடர் மீண்டும் விரியும், மீண்டும் சுருங்கும். உயரம் குறைவான பக்கங்களில் ஹெடர் துடிதுடிப்பது இதனால்தான். ஹைட்டைத் தொடாதீர்கள், உள்ளே இருக்கும் லோகோவையும் பின்னணிப் பட்டையையும் லேஅவுட்டைத் தொடாத டிரான்ஸ்ஃபார்மால் நகர்த்துங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘இது அசையப்போகிறது’ என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லும் வில்-சேஞ்ச்: டிரான்ஸ்ஃபார்மை எல்லாக் கார்டுக்கும் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் தனி லேயர், ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட். 360-க்கு 400 அளவுள்ள கார்டு, மூன்று மடங்கு அடர்த்தியுள்ள போன் திரையில் 1080-க்கு 1200 ஆகும். ஏறக்குறைய 5 எம்பி. ஐம்பது கார்டு என்றால் 250 எம்பியைத் தாண்டும். நினைவகம் நிரம்பினால் டைல்கள் தூக்கியெறியப்படும், வேகமாக உருட்டும்போது வெள்ளைக் கட்டங்கள் தெரியும். அசையப்போகும் ஓரிரண்டு உறுப்புக்கு மட்டும் போதும்.

நீளமான பக்கங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது கன்டென்ட்-விசிபிலிட்டி: ஆட்டோ. திரைக்கு வெளியே இருக்கும் பகுதிகளின் லேஅவுட்டையும் வரைதலையும் பிரவுசர் தள்ளிப்போடும். குரோமில் 2020-லேயே வந்தது. 2024-ல் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் சேர்ந்துகொண்டன. கூடவே கன்டெய்ன்-இன்ட்ரின்சிக்-சைஸ்: ஆட்டோ 600 பிக்சல் என்பதுபோல் ஓர் உத்தேச உயரம் கொடுக்காவிட்டால், வரையாத பகுதி பூஜ்ய உயரமாகி ஸ்க்ரோல்பார் குதிக்கும். உள்ளிருக்கும் கார்டுகளின் நிழல் பகுதியின் ஓரத்தில் வெட்டுப்படவும் செய்யும். பேடிங் கொஞ்சம் கூட்டினால் சரியாகும்.

சோதிக்க, குரோம் டெவ்டூல்ஸின் (பிரவுசரிலேயே உள்ள சோதனைக் கருவியின்) ரெண்டரிங் டேபில் பெயின்ட் ஃபிளாஷிங்கை ஆன் செய்து உருட்டுங்கள். மறுபடி வரையப்படும் இடம் பச்சையாக மின்னும். ஓரத்தில் புதிதாக வரும் பகுதி மின்னுவது இயல்பு. ஒரே பெட்டி ஒவ்வொரு நகர்விலும் மின்னினால் அதுதான் ஆள். பேக்டிராப்-ஃபில்டர் மட்டும் இப்படிச் சிக்காது, அது ஜிபியுவின் வேலை. பெர்ஃபார்மன்ஸ் டேபில் சிபியு வேகத்தை 4 மடங்கு குறைத்தாலும் ஜிபியு முழு வேகத்திலேயே ஓடும், அதனால் லேப்டாப்பில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். அதற்கு ஒரு மலிவான ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் இணைத்து, அதிலேயே உருட்டிப் பார்க்க வேண்டும்.