பெரட்டுக்கு முன் பிடித்த சிறுநீர்

"எரிச்சல் ஒண்ணும் இல்ல மிஸ்ஸி" என்று கிளினிக்கில் ஒரு கர்ப்பிணி தாதியிடம் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் எரிச்சல் இல்லை என்பதால் கிருமியும் இல்லை என்று ஆகிவிடாது. 100 கர்ப்பிணிகளை எடுத்தால் 2 முதல் 10 பேருக்குச் சிறுநீரில் கிருமி பெருகியிருக்கும், அறிகுறி எதுவும் இருக்காது. சிகிச்சை இல்லாமல் விட்டால் அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தொற்று சிறுநீரகம் வரை ஏறலாம். அப்போது குளிர்நடுக்கமும் வாந்தியும் விலாவுக்குக் கீழே வலியும் வரும். குறைமாதப் பிரசவ ஆபத்தும் கூடும்.

கர்ப்ப காலத்தில் சுரக்கும் புரொஜெஸ்டரோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் தசையைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை அதே குழாயை, பெரும்பாலும் வலப்பக்கத்தில், அழுத்துகிறது. ஓடவேண்டிய நீர் தேங்குகிறது, தேங்கிய நீரில் கிருமி வளர்கிறது. இதோடு இலங்கையின் மலையகத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பல தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் மலையில் கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள் காலையிலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், வந்ததையும் அடக்கிக்கொள்கிறார்கள். இதை அவர்களின் கவனக்குறைவு என்று எழுதிவைப்பது அநியாயம்.

இந்தத் தொற்றை ஊசி குத்தாமல், சில நிமிடங்களில் தேடிப் பார்க்க உதவுவது சிறுநீர் ஸ்ட்ரிப். பிளாஸ்டிக் பட்டி ஒன்றில் மருந்து ஊறிய சிறு சிறு கட்டங்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் இரண்டு தொற்றுக்கானவை. இரண்டுமே கிருமியை நேரடியாகக் காண்பதில்லை. ஒன்று கிருமி விட்டுப்போன பொருளைத் தேடுகிறது, மற்றது கிருமியோடு போராட வந்த வெள்ளை அணுக்களைத் தேடுகிறது.

முதலாவது நைட்ரைட் கட்டம். கீரை, பீட்ரூட், லீக்ஸ், கோவா போன்ற மரக்கறிகளிலிருந்து நைட்ரேட் என்ற உப்பு உடலுக்குள் சேர்ந்து சிறுநீரில் வெளியேறுகிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளிடம் உள்ள நொதி இந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். கட்டத்தில் உள்ள அமிலச் சூழலில் நைட்ரைட் அமைன் என்ற சேர்மத்தோடு சேர்ந்து டயசோனியம் உப்பாகிறது. அந்த உப்பு பக்கத்திலிருக்கும் இன்னொரு சேர்மத்தைப் பற்றிக்கொண்டு இளஞ்சிவப்புச் சாயமாகிறது. பீட்டர் கிறீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1879இல் விவரித்த வினை இது. அவர் இங்கிலாந்தில் ஒரு பியர் ஆலையில் வேலை செய்தவர். துணிக்குச் சாயமேற்றும் அதே வேதியியல்தான் இன்று கிளினிக் மேசையில் கிருமி தேடுகிறது.

கிருமி இந்த மாற்றத்தைச் செய்துமுடிக்கச் சிறுநீர் பையில் சுமார் 4 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். கிளினிக் காலை 10 மணிக்கு. 6 மணிக்கு ஒருமுறை, பஸ் ஏறுமுன் 8 மணிக்கு ஒருமுறை, பிறகு வரிசையில் நின்று, நீர் வரவேண்டுமே என்று இரண்டு போத்தல் தண்ணீர் குடித்து, 10 மணிக்கு ஒருமுறை என்றால் கடைசியில் கப்பில் விழுவது நீர்த்துப்போன சிறுநீர். கிருமி இருந்தாலும் கட்டம் வெள்ளையாகவே நிற்கும். நல்ல மாதிரி, இரவு முழுக்கத் தங்கிய, பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகுமுன் கழிக்கும் முதல் சிறுநீர்தான். அதை முந்திய கிளினிக்கிலேயே வாங்கிவைத்த சுத்தமான போத்தலில் பிடித்து 2 மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். தூரம் இடம்கொடுக்காவிட்டால் அந்த ஒருநாள் மட்டும் காலை 6 மணிக்குப் போய்விட்டு, அடுத்ததைக் கிளினிக்கில் 10 மணிக்குக் கொடுக்கலாம். மற்ற நாட்களில் அடக்கிவைக்கவே கூடாது.

சில கிருமிகளுக்கு நைட்ரைட் உண்டாக்கவே தெரியாது. என்டரோகொக்கஸும் பி வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸும் அப்படிப்பட்டவை. பின்னது கர்ப்பிணியின் சிறுநீரில் சிறிதளவு தெரிந்தாலும் பொருட்படுத்த வேண்டும். பிறப்புவழியிலும் அது இருப்பதன் அடையாளம் அது, பிரசவ நேரத்தில் பிள்ளைக்கும் தொற்றலாம். வாந்தி மாதங்களில் ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டுமே இறங்குகிற பெண்ணின் சிறுநீரில், மாற்றுவதற்குப் போதிய நைட்ரேட்டே இல்லாமல் போகலாம். விற்றமின் சி அதிகமானாலும் நிறம் மங்கும். அதற்காக இரும்புச்சத்தோடு கிளினிக்கில் தரும் விற்றமின் சி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எடுப்பதைச் சொன்னால் போதும்.

ஆக, நைட்ரைட் கட்டம் சிவந்தால் அநேகமாகக் கிருமி உண்டு. சிவக்காவிட்டால் நிம்மதியடைய முடியாது, அறிகுறியில்லாத தொற்றுகளில் பாதியளவை அது தவறவிடுகிறது.

இரண்டாவது கட்டம் வெள்ளை அணுக்களின் எஸ்டரேஸ் நொதிக்கானது. நொதி கட்டத்திலுள்ள எஸ்டர் என்ற சேர்மத்தைப் பிளக்க, ஊதா நிறம் பிறக்கிறது. இதற்கு நேர்மாறான குறை உண்டு. கர்ப்ப காலத்தில் வெள்ளைபடுதல் இயல்பாகவே கூடும். அது ஒரு துளி கலந்தாலும் ஊதா தெரியும், சிறுநீரில் தொற்று இல்லாமலேயே. பிடிக்கும் முறை இங்கேதான் முக்கியமாகிறது. கையைக் கழுவி, மடிப்புகளை விரித்து, முன்னிருந்து பின்னாகச் சுத்தமான தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும். சவர்க்காரம், டெட்டோல் வேண்டாம். முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டு, நடுவில் வருவதை 20 - 30 மில்லிலீற்றர் பிடித்து, கடைசியை விட்டுவிட வேண்டும். கப்பின் விளிம்பு உடம்பில் படக்கூடாது. வீட்டில் கழுவிய யோகட் கப், ஜாம் போத்தல் இரண்டும் ஆகாது. ஒட்டியிருக்கும் இனிப்பிலுள்ள குளுக்கோஸ், நீரிழிவைத் தேடும் கட்டத்தைப் பொய்யாக மாற்றும். குளோரின் மிச்சம் மற்றக் கட்டங்களைக் குழப்பும்.

ஸ்ட்ரிப்பை ஒரு விநாடிக்கு மேல் அமிழ்த்தக் கூடாது. வெளியே இழுக்கும்போதே அதன் ஓரத்தைக் கப்பின் விளிம்பில் வழித்துவிட வேண்டும். பிறகு படுக்கைவாட்டில் பிடிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் ஒரு கட்டத்தின் மருந்து அடுத்த கட்டத்துக்கு வழிந்துவிடும். பெரும்பாலான ஸ்ட்ரிப்களில் நைட்ரைட்டை 60ஆவது விநாடியிலும் வெள்ளை அணுக்களை 2ஆவது நிமிடத்திலும் வாசிக்க வேண்டும், போத்தலில் போட்டிருக்கும் நேரமே இறுதி. அதற்குப் பின் மாறும் நிறத்துக்கு அர்த்தமில்லை. மஞ்சள் பல்பின் கீழே வாசித்தால் மெல்லிய இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தப்பிவிடும், ஜன்னலோரம் போய் வாசியுங்கள்.

மலையகக் குளிரும் மூடுபனியும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. மூடியைத் திறந்தபடி விட்டால் ஈரமும் காற்றும் கட்டங்களைக் கெடுக்கும். நைட்ரைட் கட்டம் சிறுநீரே படாமல் மெல்ல இளஞ்சிவப்பாகி, கிருமியில்லாதவருக்கும் கிருமி என்று காட்டும். ஒன்றை எடுத்ததும் மூடி, போத்தலில் திறந்த திகதியை எழுதிவையுங்கள். ஈரமுறிஞ்சும் சிறு பொதியை வீசக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் பிழை. ஜனவரியில் நுவரெலியாவில் பனி உறையும் காலைகளில், வாசல் படியில் ஆறிக்கிடந்த சிறுநீரை அப்படியே சோதித்தால் எஸ்டரேஸ் நொதி மந்தமாக வேலைசெய்யும், ஊதா வெளிறித் தெரியும். அறை வெப்பத்துக்கு வந்தபிறகு நனையுங்கள்.

உறுதிப்படுத்தக் கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, வேண்டும். அறிகுறியில்லாத தொற்றைக் கண்டறிய நடுச் சிறுநீரைக் கல்ச்சர் செய்வதையே உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. அது இல்லாத இடத்தில் ஸ்ட்ரிப்பைவிட, சிறுநீரைச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் கிராம் சோதனை மேல் என்றது. கல்ச்சரில் ஒரு மில்லிலீற்றருக்கு 100,000 கிருமிக் கூட்டங்கள் என்பது வழமையான எல்லை. தாமதம் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். பிடிக்கும்போது தோலிலிருந்து ஒரு மில்லிலீற்றருக்கு 1,000 கிருமிகள் கலந்தன என்று வையுங்கள். 7 முறை இரட்டித்தால் அவை 128,000. வெதுவெதுப்பான பஸ்ஸில் ஒரு காலைப்பொழுது போதும். ஐஸ் பெட்டியில் 4 பாகை செல்சியஸில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். முடிவு வர ஓரிரு நாளாகும். கிருமி உறுதியானால் உலக சுகாதார நிறுவனம் சொல்வது 7 நாள் நுண்ணுயிர்க்கொல்லி. எந்த மருந்து என்பதை மாதக் கணக்கைப் பார்த்து வைத்தியரே தீர்மானிப்பார். ஆரம்ப மாதங்களுக்கு ஆகாததும் உண்டு, பிரசவம் நெருங்கும்போது ஆகாததும் உண்டு.

இதைவிடக் கடினமான கேள்வி கருப்பைக்குள் தொற்றா என்பது. 37 வாரத்துக்கு முன் பன்னீர்க்குடம் உடைந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். நேரடி விடை வயிற்றில் ஊசி இறக்கிப் பன்னீரை எடுத்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அதைத் தவிர்க்கவே இரத்தத்தில் சீ.ஆர்.பீ. பார்க்கிறார்கள். தொற்றிடத்திலுள்ள செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற செய்தியை அனுப்ப, அதைப் பெற்று ஈரல் உண்டாக்கும் புரதம் இது. செய்தி போய்ப் புரதம் ஏற 6 முதல் 12 மணி நேரம் ஆகும், உச்சத்தைத் தொட இரண்டு நாள். ஆகவே இன்று காலை எடுத்த ஒற்றை எண் சொல்வது கொஞ்சமே, நாளையும் எடுத்து ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். பிரசவ வலியே அதை உயர்த்தும். பிள்ளையின் நுரையீரல் முதிரப் போடும் ஸ்டெரொயிட் ஊசி வெள்ளை அணு எண்ணிக்கையை ஏற்றிவிடும். பிறப்புவழியில் கசியும் நீரிலேயே இன்டர்லூக்கின்-6ஐ அளக்கும் முறைகள் ஆராயப்படுகின்றன. வழியில் அது வேறு சுரப்புகளோடும் இரத்தத்தோடும் கலந்துவிடுவதால், ஊசியின் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை. எந்த ஒற்றைப் பரிசோதனையையும் தனியே நம்பாமல் தாயின் காய்ச்சல், நாடி, பிள்ளையின் இதயத்துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள்.

லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், இருக்கும்போது நீர் கசிந்தால் சுத்தமான பஞ்சுத் துணி வைத்து, கசியத் தொடங்கிய நேரத்தைக் கிளினிக் அட்டையில் எழுதுங்கள். நிறத்தையும் வாடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ நாற்றமாகவோ இருந்தால் அதையும் எழுதுங்கள். உள்ளே விரல் விட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் கிருமி மேலே ஏறும் ஆபத்து கூடும். வலி வரட்டும் என்று காத்திராமல் ஆட்டோ பிடியுங்கள். நனைந்த துணியை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய் வைத்தியசாலையில் காட்டுங்கள்.