ஒரு மீட்டர் இடமும் ஓர் அரசாணையும்

வீட்டு வரைபடத்தை மேசையில் விரித்ததும் பலர் என்னிடம் முதலில் கேட்பது மண் பரிசோதனையைப் பற்றியோ கம்பியின் தரத்தைப் பற்றியோ அன்று. “செட்பேக் விடாமல் கட்டினால் என்ன ஆகும் சார்?” என்றுதான் கேட்கிறார்கள். செட்பேக் என்பது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய காலி இடம். சீல் வைப்பார்கள், இடிக்கவும் சட்டத்தில் இடமுண்டு என்று சொல்கிறேன். எதிரே இருப்பவர் பொறுமையாகப் புன்னகைக்கிறார். “அது தெரியும். அடுத்த வரன்முறைத் திட்டம் எப்போது வரும் என்று கேட்கிறேன்.” கட்டணம் வாங்கிக்கொண்டு விதிமீறலை ஏற்றுக்கொள்ளும் திட்டத்தைத்தான் சொல்கிறார்.

சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். இப்படிக் கேட்பவர்கள் யாரும் சட்டத்தை மதிக்காதவர்கள் அல்லர். வங்கிக் கடனில் வீடு கட்டும் ஆசிரியர்கள், ஓய்வூதியப் பணத்தை மொத்தமாகப் போடும் பெரியவர்கள். விதி வளையும் என்ற நம்பிக்கையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது, விதியை எழுதிய அதே கைதான்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. அதன் 113-ஆவது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் எந்த விதியிலிருந்தும் விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தில் பிறந்த 62 விலக்கு ஆணைகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000-இல் தீர்ப்பு வந்தது. பிரிவு செல்லும், ஆனால் காரணத்தைப் பதிவு செய்யாமல் விலக்கை வாரி வழங்க முடியாது என்றது நீதிமன்றம். எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

இதற்கிடையே 1998-இல் 113-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 28.2.1999-க்கு முன் விதிமீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம், இந்த ஒரு முறை மட்டும் என்றார்கள். பிறகு திருத்தத்தின் மேல் திருத்தமாக அந்தக் கடைசி நாள் தள்ளிக்கொண்டே போனது. முதல் சலுகையை ஒருமுறை ஏற்பாடாக ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், அடுத்தடுத்த நீட்டிப்புகளை 2006-இல் ரத்து செய்தது. நடவடிக்கை தொடங்கும் என்று நினைத்தோம். 2007-இல் விதிமீறிய கட்டடங்களைக் காக்கத் தற்காலிகச் சட்டம் வந்தது. 2012-இல் அதே போன்ற சலுகையோடு 113-சி என்ற பிரிவு வந்தது, இம்முறை கடைசி நாள் 1.7.2007. ஆட்சிகள் மாறின. இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை பற்றி எரிந்தது. தீயை அடக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2008 செப்டம்பரில், பக்கத்திலேயே ரங்கநாதன் தெருவில் எரிந்த கடையில் ஊழியர்கள் இருவர் உயிரிழந்தார்கள். செட்பேக் என்பது தீயணைப்பு வண்டி நெருங்குவதற்கான இடம், உள்ளே சிக்கியவர் வெளியே வருவதற்கான இடம் என்று ஊர் முழுக்கப் பேசிய நாள்கள் அவை. உஸ்மான் சாலைத் தீ அணைந்த சில வாரங்களிலேயே, 113-சி-இன்கீழ் வரன்முறைக்கு விண்ணப்பிக்கப் புதிய வழிமுறைகள் அரசாணையாக வெளியாயின. அந்த ஆணையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் என்னைத் தேடி ஒரு பெரியவர் வந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2004-இல் நான் வரைந்து கொடுத்த வீடு அவருடையது, என் தொடக்ககால வேலைகளில் ஒன்று. சிறிய மனை. பக்கவாட்டில் ஒரு மீட்டர் விட்டே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதால், மகளுக்கென்று நினைத்திருந்த அறையைச் சுருக்கிக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பக்கத்து மனைக்காரர் எல்லைச் சுவர் வரை நிரப்பி மூன்று மாடி எழுப்பினார். பெரியவர் வீட்டின் அடுப்படிக்கு அன்றோடு வெளிச்சம் போயிற்று. புகார் எழுதினார், நோட்டீஸ் போனது, அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. இப்போது அந்தக் கட்டடம் வரன்முறைக்குத் தகுதி பெற்றுவிட்டது.

“அவர் பணம் கட்டினால் சரியாகிவிடுமாம். நான் விட்ட ஒரு மீட்டருக்கு எனக்கு யாராவது பணம் திருப்பித் தருவார்களா தம்பி?”

எனக்குப் பதில் வரவில்லை. விதியைக் காட்டி அவருடைய அறையைச் சுருக்கியவன் நான். அரசின் சார்பில் அவரிடம் வாக்குக் கொடுத்தவனும் ஒருவகையில் நான்தான்.

விலக்கே கூடாது என்று நான் வாதிடவில்லை. பழைய குறுகிய தெருக்களில் சில விதிகளை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற முடியாது. மருத்துவமனைக்கு ஒரு சாய்தளம் கட்ட விலக்குத் தேவைப்படலாம். ஏன் கொடுத்தோம், பக்கத்து வீட்டாருக்கு என்ன பாதிப்பு, அதை எப்படி ஈடு செய்தோம் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கொடுக்கட்டும். அந்த ஒரு பக்கத்தைத்தான் உச்ச நீதிமன்றமும் கேட்டது.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி நடந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். வரன்முறைக்கு விண்ணப்பம் கொடுத்த உடனே விதிமீறல் சரியாகிவிடுவதில்லை, அதை நிராகரிக்கவும் முடியும். திட்ட அனுமதி வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விலக்கு அளிக்கப்பட்டிருந்தால், அரசாணை எண், தேதியோடு, காரணம் எழுதப்பட்ட கோப்புக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

பெரியவருக்கான மனுவை அன்று நானே எழுதினேன். வரைபடத்தில் அந்த ஒரு மீட்டரைச் சிவப்பு மையால் கோடிட்டு இணைத்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.